டிக்கெட் இல்லாத பாவம்

கேள்வி: பாண்டுப்பிலிருந்து தாதருக்கு டிக்கெட் எடுக்காமல் மும்பை லோக்கல் ரயிலில் போவது பாவமா? பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் தீர்ந்துவிடுமா?

பதில்: கத்தோலிக்க மரபில் பாவம் இரு வகை: சாவான பாவம், அற்பப் பாவம். கனமான விஷயம், முழு அறிவு, மனமார்ந்த சம்மதம் மூன்றும் சேர்ந்தால்தான் முதல் வகை. லோக்கல் கட்டணம் கனமில்லைதான். ஆனால், பாலத்து மேல் டிக்கெட் பரிசோதகரின் கறுப்புக் கோட்டைக் கண்டதும் பிளாட்பாரக் கடைசிக்குத் திரும்பி நடக்கும் கால்கள் முழு அறிவுக்குச் சாட்சி. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் இந்தத் தராசையே ஏற்கவில்லை. அவருக்கு எல்லாப் பாவமும் தன்னளவில் சாவுக்குரியது. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு கிடைத்தாலும், எடுத்ததை ஈடுசெய்யும் கடமை போகாது. லூக்கா 19-இல் வரித் தலைவர் சகேயு ஏய்த்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். ரயில்வேக்கு ஈடு செலுத்துவது அதைவிடச் சுலபம்: கவுண்டரில் ஒரு தாதர் டிக்கெட் வாங்கி, பயணம் போகாமல் கிழித்துப் போட்டால் போதும்.