ரதி வாத்தியார்

வாடா பேராண்டி, இஸ்தோப்புல செருப்பக் கழட்டிட்டு வா. நீ இன்னும் வாத்தியார் ஆகல. வாற கெழம கல்வியியற் கல்லூரிக்கு நேர்முகப் பரீட்சையாமே? உங்கம்மா கொழுந்து மடுவத்துல சொல்லிட்டா, இந்நேரம் பசறையத் தாண்டி மடுல்சீமை வரைக்கும் போயிருக்கும். படிப்பத் தவிர வேற என்னா செஞ்சன்னு கேட்டா கிரிக்கெட்டுன்னு சொல்லப் போறியாம். நீ கிரிக்கெட்டு ஆடுன லெச்சணத்த நானும் பாத்திருக்கேன். பந்து தேயிலைக்குள்ள போனா தேடுறதுக்குன்னே உன்னையச் சேத்துக்குவானுங்க.

மாசிக்கு மாசி காமன் கூத்துல சேலை கட்டி, பொட்டு வச்சி, தோட்டமே பாக்க ரதியா நின்னு அழுதியே, அதச் சொல்ல வெக்கமா இருக்கு. அப்பிடித்தானே? ஆம்பளப் புள்ள, வாத்தியாராகப் போறவன், பொம்பள வேசத்தப் போயிச் சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு பயம். அட மடையா, உன்கிட்ட இருக்குற ஒரே தகுதி அதுதான்டா.

யோசிச்சுப் பாரு. மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் பிறையில காமன ஊணுறோம். அன்னையிலருந்து பௌர்ணமி வரைக்கும் பொழுது சாஞ்சா தப்புச் சத்தம். பாக்க வாறவுக யாரு? பகலெல்லாம் கொழுந்தெடுத்து, கவ்வாத்து வெட்டி, மழைக்குப் படங்கு கட்டி நின்னு, அட்டைக் கடி வாங்கி வந்த சனம். காலையில திரும்பவும் பெரட்டுக்குப் போயி நிக்கணும். கதையும் அவுங்களுக்குத் தெரியாததா? மன்மதன் எரியப் போறான், ரதி அழப் போறான்னு தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்ச கதையச் சொல்லி, ஒடம்பு நோகுற சனத்த விடிய விடிய உக்கார வச்சவன் நீ. ஒண்ணுந் தெரியாத புள்ளைங்களுக்குக் கொஞ்ச நேரம் பாடஞ் சொல்றதுக்கு உனக்குக் கை நடுங்குதாக்கும்?

ஆனா ஒண்ணு, மெதப்புல போயிராத. தவத்துல இருந்த சிவன எழுப்பப் போன மன்மதன் கதிதான், கடைசி வாங்குல தூங்குறவன எழுப்பப் போற வாத்தியாருக்கும். அந்தப் பய ஏன் தூங்குறான்னு கேளு. விடியக்காலம் பீலியில தண்ணி புடிச்சிருப்பான், தம்பியப் புள்ள மடுவத்துல விட்டுட்டு, வெறும் தேத்தண்ணியக் குடிச்சிட்டு மலையிறங்கி வந்திருப்பான். அதக் கேக்காம ஒரு சாக்கட்டித் துண்டத் தூக்கி எறிஞ்சீன்னா எரிச்சுப்புடுவான். அவன் கண்ணுல நெருப்பு வராது, வகுப்புல சிரிப்புத்தான் வரும். அதுல நீ சாம்பலாயிருவ. மறுபடி எழுப்பச் சொல்லி அழுவுறதுக்கு அங்க ரதியும் இல்ல.

நீ என்னா நெனைக்கிற, கூத்தாடுனவன் வாத்தியாரானது உன்னோடதான் ஆரம்பம்னா? பேராதனைப் பல்கலைக்கழகத்துல வித்தியானந்தன்னு ஒரு பேராசிரியரு. 1962ல 'கர்ணன் போர்' கூத்துப் போட நெனைச்சவரு, பாடத்தப் புத்தகத்துல தேடல. மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையிலருந்து செல்லையா அண்ணாவியாரக் கூப்புட்டு, கேம்பஸ் புள்ளைங்களுக்குத் தாளமும் ஆட்டமும் சொல்லிக் குடுக்க வச்சாரு. பட்டமில்லாத மனுசன் தாளம் சொல்ல, பட்டம் வாங்க வந்தவுக காலத் தூக்கிப் பழகுறாக! எனக்கு அத நெனச்சா இன்னிக்கும் சிரிப்பு, பெருமையுந்தான். அதுல ஆடுன பையன் மௌனகுரு, அப்புறம் 'இராவணேசன்'ல ராவணனா நின்னாரு. பொறவு பள்ளிக்கூடத்து வாத்தியாரு, அதுக்கும் பொறவு கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரு. பத்துத் தலை வச்சு ஆடுனவரு சின்னப் புள்ளைங்களுக்கு 'தப்பி வந்த தாடி ஆடு'ன்னு நாடகமும் எழுதுனாரு. யாழ்ப்பாணத்துல குழந்தை சண்முகலிங்கமும் அப்பிடித்தான், வாத்தியாரும் நாடகக்காரரும் ஒரே சட்டைக்குள்ள. அவுங்கள்ல யாரும் நேர்முகப் பரீட்சையில கிரிக்கெட்டச் சொல்லித் தப்பிச்ச மாதிரித் தெரியல.

நான் என்னா வேசம் கட்டுனேன்னு உனக்குத் தெரியுமே. எமன். மூஞ்சியில கரியப் பூசி, கயித்தச் சுத்திக்கிட்டு லயத்துக் கோடியிலருந்து ஒரு கத்துக் கத்துனா, சில்லறைக் கங்காணி கூட கதவச் சாத்துவான். எமன் வேசத்தப் பத்தி ஒரு கதை உண்டு. 1867ல தூத்துக்குடியில பொறந்த சங்கரதாஸ் சுவாமிகள், சாவித்திரி நாடகத்துல எமனா நின்னப்ப, அந்தக் கோலத்தப் பாத்த பயத்துல புள்ளத்தாச்சி ஒருத்திக்குக் கரு கலைஞ்சு போச்சுன்னு சொல்லுவாங்க. மனுசனுக்கு வேசமே விட்டுப் போச்சு. அதுக்கப்புறம் எழுதிக்கிட்டும் சொல்லிக் குடுத்துக்கிட்டும் வாழ்ந்தாரு. 1918ல மதுரையில 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'ன்னு புள்ளைங்களுக்காகவே ஒரு சபை தொடங்குனாரு. டி.கே.எஸ். அண்ணன் தம்பிமாரு அங்க படிச்சவுகதான். நம்ம பள்ளிக்கூடத்துலதான் சில பேரு இதத் தலைகீழாச் செய்றாக, வாத்தியாராப் போயி எமனா முடியிறாக. பெரம்பு எருமை வாகனம் மாதிரி மேசையில கெடக்கும்.

சரி, முக்கியமானதுக்கு வாறேன், வெத்தலப் பெட்டிய இங்கிட்டுத் தள்ளு.

தோட்டப் பள்ளிக்கூடத்த அரசாங்கம் ஏத்துக்கிட்டதே எழுபதுகள்லதான். அதுக்கு முன்ன ஒரு கொட்டகை, ஒரு வாத்தியாரு, அஞ்சாம் வகுப்பு, அதுக்கு மேல மலைதான். வெளியிலருந்து வந்த வாத்தியாருமாரும் தங்க மாட்டாக. ரயிலுக்கே 1924லருந்து பதுளைதான் கடைசி ஸ்டேசன், அங்கிருந்து பஸ்ஸேறி மேல வாற வாத்தியாருமாரு எடமாத்தத்துக்கு எழுத வேண்டிய கடுதாசியையும் பையில வச்சுக்கிட்டே வருவாக. தோட்டத்த விட்டுப் போகாத பள்ளிக்கூடம் ஒண்ணுதான் இருந்துச்சு, காமன் பொட்டல். அங்க எழுத்துக் கூட்டத் தெரியாதவன் ராத்திரி முழுக்கப் பாட்டுப் பாடுவான், ஒரு அடி பெசகாது. பெசகினாலும் பின்பாட்டுக்காரன் எடுத்துக் குடுப்பான், பாக்குற கெழவியும் எடுத்துக் குடுப்பா, அவன யாரும் முட்டாளுங்கல. கூத்து மாஸ்டருமாரு எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனா எவனுக்கு எந்த வேசம் பொருந்தும்னு மூஞ்சியப் பாத்தே சொல்லுவாக. வெடவெடன்னு நின்ன பயலுக்குத் தூதன் வேசம், வம்பு புடிச்சவனுக்கு வீரபத்திரன். வேசமில்லாம ஒருத்தனையும் திருப்பி அனுப்ப மாட்டாக, ஒண்ணுமே வராதவன் பந்தத்துக்கு எண்ணெய் ஊத்துவான்.

உங்க படிப்புலயும் இப்ப ஏ.எல்.லுக்கு 'நாடகமும் அரங்கியலும்'னு பாடமே வந்திருச்சு. சந்தோசம். அதுலயும் கேள்வித்தாள்தான். தமிழ்த்தினப் போட்டிக்கு நாட்டுக்கூத்துன்னு ஒண்ணு வந்துட்டா, தப்படிக்கிறவன் காம்பராவத் தேடி வெள்ளைச் சட்டை போட்டவுக வருவாக. 'அண்ணே அண்ணே'ம்பாக. கேடயம் அதிபர் அலுமாரிக்குள்ள போனப்புறம் அதே தப்ப வாசல்ல வைக்கவும் யோசிப்பாக. நீ அந்த ஆளா வராத. வந்தீன்னா எமன் வேசம் இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க.

சம்பளம் கேக்குறியா? கூத்துக்காரனா இருந்தா மோசம், ஒரு வேட்டி, சாப்பாடு, மரியாதை. வாத்தியாரா இருந்தா அதவிடப் பெருசுன்னு நெனச்சிராத. கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஆசிரியர் உதவியாளருன்னு நம்ம புள்ளைங்கள எடுத்தப்ப மாசக் கொடுப்பனவு 6,000 ரூபா. பெறகு 10,000 ஆச்சு. கொழுந்தெடுக்குற அம்மாகிட்ட பஸ்ஸுக்குக் காசு வாங்கிட்டுப் பாடஞ் சொல்லப் போன புள்ளைங்க அவுக. அதுலயும் நின்னு பிடிச்சு வந்தவுகளுக்கு, வெறும் வயித்தோட ராத்திரி முழுக்க ஆடுன பழக்கம் இருந்திருக்கணும், இல்லாட்டி நிக்க முடியுமா?

இப்ப எந்திரி. நேர்முகப் பரீட்சையில மூணு பேரு உக்காந்து கேப்பாங்கள்ல, 'உம்மைப் பற்றிச் சொல்லும்'னு. முதுகக் கூனாத. என்னைய அந்த மூணு பேருன்னு நெனச்சு, நான் ரதியாடுனேன்னு சொல்லு பாப்போம். இன்னுஞ் சத்தமா. தொங்கல் காம்பராக் கெழவிக்குக் காது மந்தம், அவளுக்குக் கேக்கணும். ஒப்பாரியில ரெண்டு வரி கேட்டாலும் கேப்பாக, கேட்டா எடுத்து விடு, கண்ணத் தொடைக்கிற கைலேஞ்சி இருக்கட்டும் பையில. எடுத்தாலும் எடுக்காட்டியும் வந்து சொல்லிட்டுப் போ.

போறப்ப ஒரு விசயம். மாசியில கட்டுன அந்தச் செவப்புச் சேலைய உங்க பாட்டி பெட்டியில திருப்பி வச்சிரு. பக்கத்துக் காம்பராக்காரிதான் கொடியிலருந்து எடுத்துட்டான்னு அவகூட இத்தன நாளாப் பேச்சுவார்த்தை இல்ல, நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டிருக்கேன்.