தரைக்கு அடியில் தாளிப்பு வாசம்

கே: ஜெர்மனியில் சூடேறும் தரைக்கு அடியில் சமையலறைப் புகைக்குழாயைப் பதிக்கிறார்களாமே! புகை மேலேதானே போகும்?

ப: விட்டால் போகும். அங்கே விடுவதில்லை. அடுப்பின் நடுவிலேயே உறிஞ்சுவிசிறி வைத்து, எழும்பும் ஆவியைக் கீழ்ப்பக்கமாக இழுத்துவிடுகிறார்கள். கான்கிரீட் தளத்தின் மேல் குழாய், அதைச் சுற்றி வெப்பக்காப்பு அட்டை, அதற்கும் மேலேதான் தரையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களும் சிமென்ட் பூச்சும். வெந்நீர் என்று பெயர்தான். பெரும்பாலும் 35 டிகிரி அளவில், நம் உடம்புச் சூட்டைக்கூட எட்டாது. ஆகவே சூடு பிரச்சினை இல்லை, உயரம்தான் தலைவலி. தட்டைக் குழாய்க்கே சுமார் 9 சென்டிமீட்டர் வேண்டும். பூச்சு போட்ட பிறகு ஞாபகம் வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்க வேண்டியதுதான். வளைவுகளும் குறைவாக இருப்பது நல்லது. ஒவ்வொரு திருப்பத்திலும் விசிறிக்கு மூச்சு வாங்கும். எண்ணெய்ப் பிசுக்கை அடுப்பருகே வடிகட்டியிலேயே பிடித்துவிட வேண்டும். உள்ளே போய்ப் படிந்தால், அதைத் துடைக்க யாருடைய கை எட்டும்?

இதில் கொரியாக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய பழைய ஓண்டோல் வீடுகளில் அடுப்புப் புகையையே தரைக்கற்களுக்கு அடியில் ஓடவிட்டு அறையைச் சூடாக்கினார்கள். சோறும் வெந்தது, முதுகும் காய்ந்தது. பிற்பாடு விறகு போய் நிலக்கரி வில்லைகள் வந்தபோது, தரை விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு கசிந்து பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். இப்போது அங்கேயும் தரைக்கு அடியில் ஓடுவது வெந்நீர்தான்.