வாங்காத கடனுக்கு வந்த தவணை

கடன் வாங்குவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் என்பார் என் அப்பா. சம்பளச் சீட்டு, ஜாமீன், மேனேஜர் எதிரில் நிற்கும்போது முகத்தில் கொஞ்சம் பணிவு. இன்று அதெல்லாம் வேண்டாம். பான் கார்டு நகல் போதும், கடன் வாங்குபவர் நாமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், குடை போட்டு சிம் கார்டு விற்பவர் என்று ஊரெல்லாம் நாம் விட்டுவந்த நகல்களில் ஒன்று கிளம்பிப் போய்த் தன் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கிவிடுகிறது. என்னுடையது 2025-இல் ஒரு செயலியில் 18,000 ரூபாய் வாங்கியிருந்தது.

“சார், எப்ப கட்டுறீங்க?” என்றார் போனில் வந்தவர்.

“எதை?”

“எல்லாரும் இப்படித்தான் சார் கேக்குறாங்க” என்று சலித்துக்கொண்டார்.

கடன் வாங்கியவனைத் தேடிப்பிடிக்க இவர்களுக்கு நேரமில்லை. மானத்துக்குப் பயந்தவன் ஒருவன் சிக்கினால் போதும். அதனால்தான் அடுத்த போன் என் மாமனாருக்குப் போனது.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். “மாப்ளே, கஷ்டம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். நான் மறுக்க மறுக்க அவர் குரலில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. மனைவியின் கவலை வேறு: “வாங்கினதுதான் வாங்கினீங்க, அந்தப் பணம் எங்க?”

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, சொந்தக்காரர்களைத் தொல்லை செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அடுத்து அந்த வசூல்காரர் அழைத்தபோது இரவு ஒன்பது தாண்டியிருந்தது. சொன்னேன். “அது பேங்க்குக்கு சார். நாங்க ஏஜென்சி” என்றார். ஏஜென்சிகளுக்காகவே எழுதப்பட்ட சுற்றறிக்கை அது.

பிறகு வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ். மேலே தராசு, கீழே வட்ட முத்திரை, நடுவில் 420-ஆம் பிரிவின்கீழ் கைது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அன்றைக்குப் பின் நடக்கும் ஏமாற்று வேலைக்கு இப்போது 318-ஆம் பிரிவு. கடன் புதுசு, நோட்டீஸ் பழசு. 420 என்று அதில் அச்சாகியிருந்தது அந்தக் காகிதத்தைப் பற்றிய குறிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மிரட்டல் பலிக்காததும் குரல் குழைந்தது. “நாலாயிரம் மட்டும் போடுங்க சார், செட்டில்மென்ட் பண்ணி குளோஸ் பண்ணிடலாம்.” விட்டது சனி என்று கட்டிவிடத் தோன்றும் இடம் இதுதான். கட்டினால் கடன் நம்முடையது என்று நாமே கையெழுத்துப் போட்டதாகிவிடும். கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்ற கறையும் ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டப வாசலில் யாரோ விட்டுப்போன பிய்ந்த செருப்பை, அளவு சரியாக இருக்கிறதே என்று நாம் காசு கொடுத்துத் தைப்பதுபோல.

அதோடு போனில் பேசுவதை நிறுத்தினேன். செயலியின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்த நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: கடன் ஒப்பந்தம் எங்கே, பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது? 1930-ஐ அழைத்து சைபர் குற்றப் புகாரும் பதிந்தாயிற்று. முப்பது நாளில் நிறுவனம் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். அவருக்குக் கட்டணம் கிடையாது. கணக்கு எண்ணைக் கேட்டதுமே, தினமும் என் நலம் விசாரித்த அந்தக் குரல் மறைந்துவிட்டது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழுக் கடன் அறிக்கை தர வேண்டும். எடுத்துப் பார்த்தேன். நான் மிதித்தேயிராத ஊரில் எனக்கு ஒரு முகவரி! வாடகை ஏதும் வருகிறதா என்று விசாரிக்க ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டு, தவறான பதிவு என்று புகார் கொடுத்தேன்.

புகாரை முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நமக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரலில் இருந்து இது நடைமுறை. அதைக் கேட்டதும் மனைவியின் முகம் தெளிந்தது. “மாசம் மூவாயிரமா? அவங்க பொறுமையாவே பண்ணட்டும்.” வீட்டுக்கு முதல்முறையாக அந்தக் கடன்மேல் ஒரு பிரியம் வந்தது.

பாவிகள், கெடு முடியும் முன்பே நீக்கிவிட்டார்கள்.

மாமனாருக்குச் சொன்னேன், என் பெயரில் இப்போது எந்தக் கடனும் இல்லை என்று. அவருக்குக் குரல் தழுதழுத்தது.

“எப்படியோ கட்டி முடிச்சிட்டீங்களே மாப்ளே, அது போதும்.”