கப்பல் சார்

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு ஹோமியோபதி சார் இருப்பார். ஒரு ஷேர் மார்க்கெட் சார் இருப்பார். சமீப காலமாக மூன்றாவதாக ஒருவர் முளைத்திருக்கிறார்: கப்பல் சார்.

வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை வெளிநாட்டில். காசி, கேதார்நாத் எல்லாம் பார்த்தாகிவிட்டது. முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. ஏதோ ஒரு விடுமுறையில் சொகுசுக் கப்பலில் போய் வருகிறார். அவ்வளவுதான், அன்றிலிருந்து கரையில் இருக்கும் மற்ற அத்தனை பேரும் அவர் கண்ணுக்கு விவரம் போதாதவர்கள். "ஏதோ டூர் போறோம்" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டால், அன்றைக்குப் பால் வாங்கப் போனவர் தயிரோடுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

எங்கள் குடியிருப்புக் கப்பல் சாருக்கு இந்த யோகம் அடித்தது 2022 ஜூனில். சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற கப்பல் கிளம்புகிறது, முதல்வர் கொடியசைக்கிறார் என்று செய்தி வந்ததும் டிக்கெட் போட்டுவிட்டார். ஏறுவதற்கு முன்பே கப்பலின் ஜாதகம் அவர் கையில் இருந்தது. 1990-ல் அமெரிக்காவில் ஓடத் தொடங்கியது, அப்போது பெயர் நார்டிக் எம்ப்ரஸ், 48,563 டன். "டைட்டானிக் எவ்வளவு தெரியுமா சார்? 46,328. நம்மது அதைவிட ஒரு சுத்து பெரிசு!" என்று கிளம்பும் அன்று காலையில் மனைவியை வைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இன்னொரு தடவை நின்றுவிட்டு வந்தார்.

"அம்மாடி, அவ்வளவு கனமா?" என்று யாராவது கேட்டால் அதற்கும் வகுப்பு உண்டு. "கனம் இல்லை சார், கொள்ளளவு. கப்பலுக்குள்ள மொத்தம் எவ்வளவு இடம் இருக்குங்கிற கணக்கு. பேருதான் டன். எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை." சென்னையிலிருந்து ஏன் வருஷம் முழுக்கப் போவதில்லை என்றாலும் பதில் தயார். தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பைக் கடல் பொங்கும் மாதங்களில் கப்பல் நம் பக்கம் வரும். இங்கே புயல் சின்னம் கிளம்பும் காலத்தில் அந்தப் பக்கம் போய்விடும். "நம்மளைவிடக் கப்பலுக்குப் பஞ்சாங்கம் நல்லாத் தெரியும் சார்."

எரிச்சலான விஷயம் என்னவென்றால், மனிதர் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

போன வருஷம் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பச் சிங்கப்பூரிலேயே இறங்கும் கப்பல் ஒன்றில் போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தது. மாடிப்படி வழியாகச் செய்தி கசிந்து சாரின் காதை எட்டியது. அன்று மாலையே கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முதல் கேள்வி: "விசாவில மல்டிபிள்னு போட்டிருக்கா?"

சிங்கப்பூரில் விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு. கப்பலில் ஏறி வெளியே போய்த் திரும்பி வருவது இன்னொரு நுழைவு. ஒரே ஒரு நுழைவுக்கான விசாவோடு போனால் கப்பல் வாசலிலேயே கையை விரித்துவிடுவார்கள். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம். ஆனால் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் கிளம்பும் அன்று காலையில் போய் இறங்கும் விமானத்தில் டிக்கெட் போடவே கூடாது, முந்தின நாளே போய்விட வேண்டும். "ஃப்ளைட் லேட்டானா ஏர்லைன்ஸ் சாரி சொல்லும். கப்பல் அதையும் சொல்லாது. போயிடும்."

சாப்பாட்டு மேஜை மேல் கப்பலின் தளப்படம் விரித்திருந்தது. பெரிய தாளில் அச்செடுத்து, லேமினேட் செய்து, மேலே மார்க்கரால் நிறம் பூசியது. பச்சை போட்டவை நல்ல அறைகள். ரோஸ் போட்டவை ஆகாதவை. சொந்த ஃப்ளாட்டை வாஸ்து பார்க்காமல் வாங்கியவர் இவர்.

"இதோ பாருங்க, மேல் டெக். ரேட்டு ஜாஸ்தி. ஜனங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க. ஆனா இதுக்கு மேல என்ன? நீச்சல் குளம். விடியக்காலைல ஆள் வந்து சாய்வு நாற்காலியை எல்லாம் இழுத்து இழுத்து வரிசையாப் போடுவான். உங்க மண்டை மேல." விரல் நகர்ந்தது. "இது தியேட்டருக்கு மேல. ராத்திரி முழுக்க ட்ரம்ஸ். இது மூக்குப் பக்கம். நங்கூரச் சங்கிலி இறங்குற சத்தத்துல பூகம்பம்னு எழுந்து உட்காருவீங்க. இப்ப இங்க பாருங்க. நடுவாந்திரம். கீழ் டெக். மேலயும் அறை, கீழயும் அறை. கப்பல் எப்படி ஆடினாலும் இங்க ஆட்டம் கம்மி. இதுதான் சார் அறை!"

"பால்கனி வெச்சது வேணும்னு பசங்க ஆசைப்படறாங்க" என்றாள் என் மனைவி.

சார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பால்கனியில நின்னா என்னம்மா தெரியும்? கடல்தானே? அது மேல் டெக்குல ஃப்ரீயாத் தெரியுது."

ஜன்னலில்லாத அறையில் விடிந்ததே தெரியாதே என்றதற்கும் வழி வைத்திருந்தார். பல கப்பல்களில் முகப்பிலிருக்கும் கேமரா காட்டுவதை அறை டிவியில் ஒரு சேனலாகப் போடுகிறார்கள். அதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுத் தூங்க வேண்டும். ராத்திரி இருட்டாக இருக்கும். "விடிஞ்சா டிவியில விடியும்."

பிறகு எக்செல் திறந்தது. பத்திரிகை விளம்பரத்தில் 'வெறும் இவ்வளவுதான்' என்று வரும் தொகையைச் சார் ஒரு விலையாகவே மதிப்பதில்லை. அது நுழைவுக் கட்டணம். அதற்கு மேல் துறைமுக வரி. தலைக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு என்று டிப்ஸ். நாம் மனசு வந்து கொடுப்பதெல்லாம் இல்லை, கணக்கில் தானாக ஏறும். வைஃபை தனி. கூல்டிரிங்க்ஸ் தனி. பஃபே இலவசம், ஆனால் பக்கத்திலேயே மெழுகுவத்தி ஏற்றிவைத்த உணவகத்துக்குள் நுழைந்தால் காசு. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக ஒரு அட்டை தருவார்கள், எல்லாவற்றுக்கும் அதைத் தட்டினால் போதும். "அந்த அட்டையைப் பசங்க கையில கொடுத்தீங்கன்னா கடைசி நாள் வர்ற பில்லைப் பார்த்துட்டு நீங்களே கடல்ல குதிக்கணும்." போனை ஏர்பிளேன் மோடில் போடாவிட்டால், கப்பலிலிருக்கும் கோபுரத்தோடு அது தானாகப் பேசிக்கொண்டிருக்குமாம், நம் செலவில். ஏஜென்ட் பிடிக்கும் டி.சி.எஸ்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு ஆறுதல் சொன்னார். மொத்தத்தைக் கூட்டிக் காட்டியதும் என் மனைவி, "கொடைக்கானல் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

ஆனால் ஆசை யாரை விட்டது? எங்களோடு எதிர் வீட்டுக்காரர் குடும்பமும் இரண்டாம் மாடிக் குடும்பமும் சேர்ந்துகொண்டன. 'உங்களைத் தனியா எப்படி அனுப்பறது' என்று சாரும் மனைவியோடு வந்துவிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்பைரல் பைண்டிங் செய்த புத்தகம் ஒன்று விநியோகமாயிற்று. அட்டையில் கப்பல் படம். உள்ளே ஊருக்கு ஒரு பக்கம், கடைசியில் 'தவறுகள்' என்று ஓர் அத்தியாயம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் எல்லார் வீட்டிலும் நடத்திய பெட்டிச் சோதனைக்குச் சுங்கத்துறையே தேவலை. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் வெளியே. அவர் மனைவி புடவைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்த சின்ன எலெக்ட்ரிக் குக்கரும் பிடிபட்டது. "கப்பலுக்கு முதல் எதிரி தண்ணி இல்லை, நெருப்பு. சூடாகிற சாமான் எதையும் விடமாட்டான்." புளியோதரைக்கும் தடை. சீல் உடைக்காத முறுக்குப் பாக்கெட்டுக்குப் பெரிய மனசு பண்ணி அனுமதி. பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறை வாசலுக்குக் கொண்டுவருவார்கள் என்பதால், மாத்திரை, மாற்றுத் துணி, குழந்தைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில்.

"இவர் கடல்ல மிதந்ததைவிட எக்செல்லுல மிதந்ததுதாங்க ஜாஸ்தி" என்றார் அந்த அம்மாள், குக்கரை அலமாரியில் வைத்துக்கொண்டே.

கப்பலில் ஏறியதும் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு விளக்குகளைப் பார்த்தபோது, சார் உயிர்காப்புப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல் என்பது அபாய அறிவிப்பு. அதை விரல் விட்டு எண்ணிச் சரியாக இருக்கிறதென்று தலையாட்டினார். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பல பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பின உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது என்று பக்கத்திலிருந்த புதுமணத் தம்பதிக்கு விளக்கினார். அவர்கள் தேனிலவுக்கு வந்திருந்தார்கள்.

வாந்திக்கு அவர் செய்திருந்த ஏற்பாடு ஒரு தனி மருந்துக்கடை. அவோமின் அட்டை அட்டையாக, இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம், பச்சை ஆப்பிள். ஆனால் மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் அணைத்த கடல். எங்கள் கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மறுநாள் காலை ஒவ்வொருவரிடமும் "தலை ஏதாவது கிறுகிறுன்னு...?" என்று கேட்டுப் பார்த்தார். எல்லாரும் நன்றாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

பினாங்கில் மனிதர் ஜெயித்தார், ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பலிலேயே ஊர் சுற்றும் டூர் விற்றார்கள். வாங்கவே விடவில்லை. "கப்பல் நிக்கறதே ஊருக்குள்ளதான் சார், எதுக்குக் காசு?" ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி, விக்டோரியா ராணியின் மணிக்கூண்டைத் தாண்டி நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடுகிறது. 1833-ல் எழுந்த மாரியம்மன் கோவில், குங்குமம், தமிழ்ப் பாட்டு, வடை. செலவு என்று பார்த்தால் அர்ச்சனைத் தட்டுதான். டூர் பஸ்ஸில் போனவர்கள் எங்களைக் கடந்து போனபோது சார் அவர்களுக்குக் கையசைத்தார். அப்படி ஒரு கையசைப்பை அதற்கு முன் முதல்வர்தான் கப்பலுக்குச் செய்திருப்பார்.

புக்கெட்டில் அவர் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாறாது. போனில் நாலு என்றால் கப்பலில் ஐந்து. துணிக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டாம் மாடிக்காரரைச் சார் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வராவிட்டால், அந்தக் குடும்பம் இன்றைக்குத் தாய் மொழி பேசிக்கொண்டிருக்கும். கப்பல் நடத்தும் டூரில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் நிற்கும், தனியாகப் போனவர்களுக்கு நிற்காது. புத்தகத்தில் நாலாம் பக்கம்.

கடைசி ராத்திரி பெட்டியைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். விடிவதற்குள் அவர்களே எடுத்துப்போய் விடுவார்கள், மறுநாள் கரையில்தான் பார்க்கலாம். எதிர் வீட்டுக்காரர் ஒழுங்காக எல்லாத் துணியையும் மடித்து, பெட்டியில் வைத்து, பூட்டி, வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் சிங்கப்பூர் குடிநுழைவு வரிசையில் கட்டம் போட்ட லுங்கியோடு நின்றார். சார் பக்கத்தில் போய் மெதுவான குரலில், "பதினேழாம் பக்கம், இரண்டாவது பத்தி" என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் சரி, மனிதர் கப்பலில் எதையாவது அனுபவித்தாரா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. நீச்சல் குளத்தில் கால்கூட நனைக்கவில்லை. பஃபேயில் ரொட்டியால் வயிற்றை நிரப்பாதீர்கள் என்று எங்களைக் காவல் காத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டார். கடைசி இரவு நாங்கள் எல்லாரும் தியேட்டரில் சர்க்கஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் இருக்கை காலி. கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்யும் மேஜை ஒன்று உண்டு. அங்கேதான் இருந்தார். எதிரே ஒரு பிலிப்பைன்ஸ் பெண், கண்களில் தூக்கத்தோடு.

"அலாஸ்கா சார்!" என்றார் என்னைப் பார்த்ததும். இத்தனை நாளில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "சியாட்டில்ல ஏறிச் சியாட்டில்லயே இறங்கினாலும் நடுவுல கனடாவுல ஒரு இடத்துல நின்னே ஆகணும். வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆள் ஏத்தி இறக்கக் கூடாதுன்னு 1886-ல போட்ட சட்டம். அதனால அமெரிக்க விசாவும் வேணும், கனடா விசாவும் வேணும்!" இரண்டு விசா என்றதும் நானாக இருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவருக்கு இரட்டைப் பேரன் பிறந்த மாதிரி சந்தோஷம்.

நீங்கள் கப்பலில் போவதாக இருந்தால் உங்கள் குடியிருப்புக் கப்பல் சாரைத் தேடிப் பிடித்துவிடுங்கள். கட்டாயம் இருப்பார். சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், பணம் மிச்சமாகும். கூட வருகிறேன் என்றால் மட்டும், உங்களுக்கு அந்தத் தேதியில் ஒரு கல்யாணம் இருக்கட்டும்.

எங்கள் சாரின் மேஜையில் இப்போது அலாஸ்கா கப்பலின் தளப்படம். அமெரிக்க விசா நேர்காணலுக்கே இன்னும் தேதி கிடைக்கவில்லை. எந்த வருஷம் போகப்போகிறார் என்பதும் தெரியாது. கேபின் எண் முடிவாகிவிட்டது.