கிளறாதே, அக்கா!

மேக்கன், ஜார்ஜியா
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, கேக் கவிழ்ந்துபோச்சா?" என்று கேட்டிருந்தாய். கவிழவில்லை. அந்தப் பண்டமே அப்படித்தான். பெயர் காப்லர். மேல் மாவு அங்கங்கே வெடித்து, அடியிலிருந்து பழமும் பாகும் எட்டிப் பார்த்து, மூலைக்கொரு நிறமாக இருந்தால்தான் நன்றாக வந்திருக்கிறது என்று இந்த ஊரில் அர்த்தம். இதைக் கையால் சாப்பிட வேண்டுமா, கரண்டியாலா என்று அத்தான் கேட்டார்களாமே. கரண்டிதான். சூடு ஆறுவதற்குள், பக்கத்தில் கொஞ்சம் வெனிலா ஐஸ்கிரீமோடு.

உன் தம்பி பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி என்பது உனக்குத் தெரியும். அவள் கிளம்பிப் போன பிறகு அடுப்பங்கரை என் ராஜ்ஜியம். இந்த ஊரில் வாடகை வீட்டில்கூட அடுப்புக்கு அடியில் ஒரு ஓவன் உண்டு. நம்மவர்கள் பாதிப்பேர் அதை அலமாரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் வாணலி, தோசைக்கல், இட்லித் தட்டு எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பாத்திரங்களை வெளியேற்றி அதைச் சூடேற்றத் தூண்டியவர், பக்கத்து வீட்டு ஆச்சி.

ஆச்சி என்றால் வெள்ளைக்கார ஆச்சி. எண்பதை நெருங்கும் வயது. என்னையும் "ஹனி" என்பார், தபால்காரரையும் "ஹனி" என்பார், ஆகையால் உன் தம்பி பெண்டாட்டி கவலைப்படுவதில்லை. ஒருநாள் கூடை நிறையப் பீச் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இதை என்ன செய்வாய் என்றார். ஊறுகாய் போடலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செய்முறை எழுதித் தரட்டுமா என்று கேட்கவில்லை. வெண்ணெய் எங்கே என்றுதான் கேட்டார்.

ஒரு கட்டி வெண்ணெய். இங்கே கட்டி என்றால் 113 கிராம். அதைக் கண்ணாடித் தட்டில் போட்டு ஓவனுக்குள் வைத்துவிட வேண்டும். அது உள்ளே உருகிக்கொண்டிருக்கும்போது ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால், கொஞ்சம் பேக்கிங் பவுடர், இவ்வளவையும் கலந்துகொள்ள வேண்டும். உருகிச் சலசலக்கும் வெண்ணெயின் நடுவில் மாவை ஊற்றினால், வெண்ணெய் ஓரமாக ஒதுங்கி மஞ்சள் கரை கட்டி நிற்கும். அந்த மாவின்மேல் பழத்தைப் பரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" என்கிற இடத்தில்தான் எனக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. மாவு ஒருபக்கம், வெண்ணெய் ஒருபக்கம், பழம் ஒருபக்கம் என்று கிடக்கிற தட்டைப் பார்த்ததும் என் கை தானாகக் கரண்டியைத் தேடுகிறது. நாம் பிறந்த திருநெல்வேலி அப்படி. கோதுமைப் பாலை அடுப்பில் வைத்தால் தோள்பட்டை கழன்று விழும்வரை கிளறினால்தான் அல்வா. ஒரு நிமிஷம் கரண்டியை விட்டால் தாத்தா சத்தம் போடுவாரே! இந்த ஆச்சியோ, "கிளறாதே" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊர்ச் சமையலில் கடினமான வேலை, கையைச் சும்மா வைத்திருப்பதுதான் அக்கா.

அதற்குக் காரணம் இருக்கிறது. சூடு ஏற ஏறப் பேக்கிங் பவுடர் வாயுவைக் கிளப்பும். மாவு உப்பி மேலே வரும், கனமான பழம் கீழே இறங்கும். ஓரத்து வெண்ணெயில் விளிம்பு பொரிந்து முறுகிவிடும். கலக்கிவிட்டால் இதெல்லாம் ஒழுங்காக நடக்காது. மைதாவிலும் அதே சங்கதிதான். ஈரத்தோடு ரொம்ப நேரம் அடித்தால் இழுவை கூடும். பரோட்டாவுக்கு அது உயிர், கேக்குக்கு அது எமன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓவன் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் தவம் என்றே கணக்கு வைத்திருக்கிறேன். வெளியே ஜூலை வெயில் திருநெல்வேலிக்குச் சவால் விடுகிறது. உள்ளே ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட், உன் கணக்கில் ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ். இரண்டுக்கும் நடுவில் ஏசி முனகிக்கொண்டிருக்கிறது.

ஓவன் வசதி இல்லாதவர்கள் செய்த பண்டம் காப்லர். ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள், கனத்த இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவை வைத்து, மூடியின்மேல் தணலை அள்ளிக் கொட்டி வேகவைத்திருக்கிறார்கள். ஒழுங்காகத் தேய்த்து வட்டமாக்க வசதியில்லாத இடத்தில் பிறந்ததால்தான் அதற்கு இந்த மேடுபள்ளம்.

பீச் பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவுக்குச் செல்லப் பெயரே பீச் மாநிலம்தான். கார் நம்பர் பிளேட்டில்கூடப் பீச் படம். 1995இல் அதை மாநிலப் பழமாகவே அறிவித்துவிட்டார்கள். ஆனால் விளைச்சலில் கலிஃபோர்னியாவும் தென் கரோலினாவும் இவர்களுக்கு மேலே. இதை இங்கே சத்தமாகச் சொல்லக் கூடாது. ஆச்சியிடம் சொன்னேன், அன்றைக்குப் பூரா என்னை "ஹனி" என்று கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து தெற்கே காரில் கொஞ்ச தூரம் போனால் பீச் கவுண்டி என்றே ஒரு மாவட்டம். வேடிக்கை என்னவென்றால், இந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் போதிய நேரம் குளிர வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. 2023இல் குளிர்காலம் கதகதப்பாகப் போய், பூத்த பிறகு உறைபனியும் விழுந்ததில், ஜார்ஜியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளைச்சல் போய்விட்டது. மழையில்லாமல் கருகிய பயிரை நாம் பார்த்திருக்கிறோம். குளிரில்லாமல் கெட்ட பயிரை இங்கேதான் கேள்விப்பட்டேன்.

சீசன் தொடக்கத்தில் வரும் பழத்தில் சதை கொட்டையை விடாது. கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டும். பின்னால் வருகிற ரகம் சமர்த்து. பழத்தின் கோட்டோடு கீறி, இரண்டு கையால் எதிரெதிராகத் திருகினால் கொட்டை தனியே வந்துவிடும். தோலில் பூனைமயிர், கை அரிக்கும். கொதிக்கிற நீரில் அரை நிமிஷம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் சட்டையைக் கழற்றுகிற மாதிரி வந்துவிடுகிறது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மார்ஷல்வில் என்ற ஊரில் சாமுவேல் ரம்ஃப் என்று ஒரு விவசாயி இருந்தார். 1870களில் ஒரு புது பீச் ரகத்தைக் கண்டுபிடித்து, அதற்கு "எல்பெர்ட்டா" என்று பெயர் வைத்தார். அவர் மனைவியின் பெயர். அமெரிக்கா முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அதேபோல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக 1843இல் ஒரு பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். முட்டையும் ஒத்துக்கொள்ளாது என்று அதற்கு முன்பே கஸ்டர்ட் பவுடரும் செய்து கொடுத்துவிட்டார். ஆக, என் தட்டில் இருக்கிற பாதி, பெண்டாட்டிமேல் அக்கறை உள்ள புருஷன்மார் உபயம். டூட்டி முடிந்து வந்தவளிடம் இதை உருக்கமாகச் சொன்னேன். "நீங்க அந்தத் தட்டைக் கழுவி வச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

மற்ற கேக்குகளையும் ஒரு கை பார்த்தேன். பவுண்டு கேக் என்று ஒன்று. வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை எல்லாம் ஒவ்வொரு பவுண்டு, அதாவது 454 கிராம். ஒரு கல்யாண வீட்டுக்குச் செய்யலாம், நமக்கு வேண்டாம். டின் பழத்தைக் கொட்டி, அதன்மேல் கடை கேக் பொடியைக் கொட்டி, வெண்ணெய் போட்டு வேகவைக்கும் டம்ப் கேக்கும் உண்டு. பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்றன. என் நாக்கில் சர்க்கரையைத் தவிர ஒன்றும் படவில்லை.

நம் வீட்டுக்கு ஏற்றது காடி, அதாவது வினிகர், ஊற்றுகிற சாக்லேட் கேக்தான். முட்டை, பால், வெண்ணெய் எதுவுமே கிடையாது. 1930களின் பொருளாதார மந்தத்திலும் பிறகு யுத்தகால ரேஷனிலும் இங்கே பெண்கள் செய்து பிரபலமானது. மைதா, கோகோ, சர்க்கரை, சமையல் சோடாவைத் தட்டிலேயே கலந்து, மூன்று குழி பறித்து, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் காடி, ஒன்றில் வெனிலா எசன்ஸ். மேலே ஒரு கப் தண்ணீர். காடியும் சோடாவும் சேர்ந்து நுரைக்கிற நுரைதான் முட்டை செய்கிற வேலையைச் செய்கிறது. என் மாமியார் வந்திருந்தபோது செய்தேன். முட்டை என்றால் காத தூரம் ஓடுகிறவர்கள். காடி பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது என்ன மருந்தா?" என்றார்கள். மறுநாள் காபியோடு அந்த மருந்தை அவர்களே எடுத்து வெட்டிக்கொண்டார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் தராசு வைப்பதில்லை, எல்லாம் கப் கணக்கு. 1896இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் என்ற அம்மாள் சமையல் புத்தகம் போட்டு, கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று சட்டம் பேசியிருக்கிறார். தீபாவளிக்கு நீ செய்கிற செவன் கப் கேக்கும் இதே கணக்குத்தானே? கடலை மாவு, நெய், பால், தேங்காய் ஒவ்வொரு கப், சர்க்கரை மூன்று கப். ஆச்சிக்கு அதைச் சொன்னபோது, மூன்று கப் சர்க்கரை என்றதும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உனக்கு அங்கே பீச் தேவையில்லை. மாம்பழ சீசன் முடிவதற்குள் நல்ல கெட்டியான பழமாகப் பார்த்துத் துண்டுபோடு, இரண்டு கப் வேண்டும். நம்மூரில் கிடைக்கிற உப்பு போட்ட வெண்ணெய் 100 கிராம் கட்டி ஒன்று போதும், தனியாக உப்பு வேண்டாம். மைதா ஒரு கப், பால் ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். சர்க்கரை முக்கால் கப்புக்கு மேல் போடாதே, மாம்பழம் தானே இனிக்கும். கொஞ்சம் சுக்குப் பொடியும் ஏலக்காயும் தூவு. ஓவனை 175இல் வைத்து, மேலே பொன்னிறம் வரும்வரை விடு. அத்தானை அந்தப் பக்கம் அண்டவிடாதே. அவர்களும் அல்வாக்கடைத் தெருவில் பிறந்தவர்கள், கரண்டி கிடைத்தால் கிளறிவிடுவார்கள்.

சுக்கும் ஏலக்காயும் என் சொந்தச் சேர்க்கை. ஆச்சி ஒரு வாய் சாப்பிட்டார், பேசவில்லை. இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொண்டார். பிறகு, அது என்ன வாசனை என்று கேட்டு, ஏலக்காய் டப்பாவை முகர்ந்து பார்த்து, டப்பாவோடு வீட்டுக்குப் போய்விட்டார். போன ஞாயிறு அவர்கள் சர்ச் விருந்தில் ஏலக்காய் போட்ட பீச் காப்லர் பரிமாறப்பட்டதாகக் கேள்வி. டப்பா இன்னும் திரும்பவில்லை.

ஆகஸ்டில் உங்கள் தெருப் பையன் அட்லாண்டாவுக்குப் படிக்க வருகிறான் என்று சொன்னாயே, அவனிடம் ஏலக்காய் கால் கிலோ கொடுத்தனுப்பு. பொடித்து அனுப்பாதே, முழுசாக அனுப்பு. பாதி ஆச்சிக்கு.

அன்புடன்,
உன் தம்பி