கையில் தங்காத கடிகாரம்

மணி பார்ப்பதற்காக வாட்ச் கட்டுகிறவர்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை. கட்டுகிறார்கள், பார்க்கிறார்கள், நின்றுபோனால் தெருமுனைக் கடையில் செல் மாற்றுகிறார்கள். கல்யாணத்தில் மாமனார் போட்ட எச்.எம்.டி.யைப் பணி ஓய்வு வரைக்கும் மாற்றாமல், தினமும் காலைக் காபிக்கு முன்னால் கீ கொடுத்துக் காலம் தள்ளிய ஒரு தலைமுறை நம் வீடுகளில் இருந்தது. ‘இன்றைக்கு எந்த வாட்ச்?’ என்று அவர்களிடம் யாராவது கேட்டிருந்தால், கேட்டவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அந்தத் தலைமுறை பெற்ற பிள்ளை ஒருவர் எங்கள் மேற்கு மாம்பலம் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். வங்கி உத்தியோகம். வெற்றிலை, சிகரெட் கிடையாது. சீட்டு ஆடமாட்டார். வாட்ச் வாங்குவார், விற்பார். விற்ற பணத்தில் வாங்குவார், வாங்கியதை விற்பார். ‘வியாபாரமா சார்?’ என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். ‘சேச்சே, ஹாபி’ என்பார். நான் அதை நம்புகிறேன். வியாபாரம் என்றால் எப்போதாவது லாபம் வரவேண்டும்.

ஒரு வாட்ச் அவர் கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தலைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மொபைலும் கையுமாக உட்கார்ந்து, உள்ளே என்ன மெஷின், எத்தனை கல், மணிக்கு எத்தனை துடிப்பு என்று படித்துத் தேறுவார். மறுநாள் லிஃப்டில் மாட்டுகிறவர்களுக்கு வகுப்பு.

“சீக்கோவில பழைய 7எஸ்26 மெஷின் இருக்கே, அதுக்கு கீ கொடுக்க முடியாது சார். கையை ஆட்டினாத்தான் ஸ்பிரிங் ஏறும். மணி சரி பண்ணும்போது செகண்ட் முள்ளும் நிக்காது. 4ஆர்36ல ரெண்டும் உண்டு. ரெண்டுமே மணிக்கு 21,600 பீட்.”

அதற்குள் தரைத்தளம் வந்துவிடும். பால் வாங்கப் போகிற மாமி, கதவைப் பிடித்தபடி, “அப்படியா!” என்பார். மாமிக்குப் பொறுமை அதிகம்.

நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். செல் போட்ட வாட்சுக்குள் ஒரு சின்னப் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்கும் கேசியோகூட மாதம் முழுவதும் ஓடி அரை நிமிஷம்தான் முன்னே பின்னே போகும். உங்கள் ஆட்டோமேட்டிக் ஒரே நாளில் அந்த அரை நிமிஷம் தவறிவிடுகிறதே என்று கேட்டேன். சபாவில் வித்வானுக்குச் சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்பியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “உயிர் இருக்கு சார் இதுல” என்றார். அந்த உயிரும் கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரத்தில் போய்விடும். திங்கட்கிழமை காலைகளில் அவர் முதலில் செய்கிற காரியம், மொபைலைப் பார்த்து வாட்சுக்கு மணி வைப்பது.

பார்சல் எப்போதும் அலுவலக விலாசத்துக்குத்தான் வரும். பகலில் வீட்டில் ஆள் இல்லை, அதனால்தான் என்பார். வீட்டம்மா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார்.

வந்த முதல் மூன்று நாள் அந்தக் கையால் அவர் வேறு வேலை எதுவும் பார்ப்பதில்லை. ஃபில்டர் காபி டம்ளர் பக்கத்தில் ஒரு படம். கார் ஸ்டியரிங் மேல் ஒரு படம். விளம்பரங்களில் முட்கள் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிற்குமே, அந்தக் கணக்குக்காகச் சரியாகப் பத்து பத்துக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மணிக்கட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம். அந்த நேரத்தில் வங்கிக் கவுன்டருக்கு முன்னால் எத்தனை பேர் பாஸ்புக்கோடு நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் பின்மூடியில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் உரிக்கமாட்டார். செயினிலிருந்து கழற்றிய கண்ணிகளைப் பொட்டலம் கட்டி, பில், வாரண்டி அட்டை, உள்பெட்டி, வெளிப்பெட்டி, வெளிப்பெட்டிக்கு மேல் சுற்றிய காகிதம் என்று எல்லாவற்றையும் பரணில் வைப்பார். வாங்கிய அன்றைக்கே விற்பனைக்கு ஏற்பாடு தயார். போன தீபாவளிக்கு 200 மீட்டர் ஆழத்துத் தண்ணீரையும் தாங்கும் டைவர் வாட்ச் ஒன்று வாங்கினார். சாப்பிட்டுக் கை அலம்பப் போகும்போது அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

நாலாவது வாரத்தில் குறை தெரிய ஆரம்பிக்கும். டயலைச் சுற்றியுள்ள வளையத்தின் கோடும் பன்னிரண்டு மணிக் கோடும் ஒரு மயிரிழை சேரவில்லை என்பார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு வாட்சே சரியாகத் தெரியவில்லை. இன்னொன்றுக்கு 42 மில்லிமீட்டர், கைக்குப் பெரிசு என்றார். இரண்டு மாதம் படித்தபோதும் அதே கைதான் இருந்தது. குறை கண்டுபிடித்த ராத்திரி மொபைல் மறுபடி வெளியே வரும். உண்மையில் குறை பிறப்பதே அடுத்த வாட்ச் கண்ணில் பட்ட பிறகுதான். இந்த வரிசையை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

பிறகு விற்பனைக் குறிப்பு எழுதுவார். வாட்ச் பிரியர்கள் வட்டாரத்தில் அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. ‘மனசில்லாமல் விற்கிறேன்’ என்றுதான் தொடங்க வேண்டும். மனசோடு விற்கப்பட்ட வாட்ச் இந்த உலகில் ஒன்றுகூட இல்லை. ‘வயதுக்கேற்ற தேய்மானம்’ என்றால் கண்ணாடியில் கீறல். ‘சமீபத்தில் சர்வீஸ் செய்தது’ என்றால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். ‘அவசரப் பணத் தேவை’ என்றால் வேறொன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

அவருடைய கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வங்கியில் முப்பது பைசா இடித்தால் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுகிற மனிதர் இவர். ஒரு சீக்கோவை 18,000 ரூபாய்க்கு வாங்கினார். தோல் ஸ்ட்ராப் 1,200. சர்வீஸ் 1,500. கூரியர், இன்ஷூரன்ஸ் 250. இரண்டு மாதம் கழித்து 16,500க்கு விற்றார். நஷ்டம் எவ்வளவு? நாம் 4,450 என்போம். அவர் 1,500 என்பார். ஸ்ட்ராப் கணக்கில் வராது, ஏனென்றால் அது வாட்ச் இல்லை. சர்வீஸ் வாட்சின் நன்மைக்குச் செய்தது. கூரியர் எப்படியும் கொடுக்க வேண்டியது. மிச்சம் 1,500 இருக்கிறதே, அதுவும் நஷ்டம் இல்லை. “மாசம் 750 ரூபா வாடகைக்கு ஒரு ஆட்டோமேட்டிக் கட்டியிருக்கேன் சார். சைக்கிள் ஸ்டாண்டுக்கே எவ்வளவு ஆகுது இப்ப?”

இதோடு முடியவில்லை. விற்று வந்த 16,500 ரூபாய்க்கு ‘வாட்ச் பணம்’ என்று பெயர். அதைப் பால்காரருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுத்தால் தோஷம். அடுத்த வாட்ச் 22,000 என்றால், அவர் கணக்குப்படி அதன் விலை 5,500தான். அதை விற்று வருகிற பணத்தைக் கழித்தால் அதற்கடுத்தது இன்னும் மலிவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒருநாள் அவருக்கு ரோலெக்ஸ் இனாமாகக் கிடைக்க வேண்டும். மேஜை இழுப்பறை நிறைய ஸ்ட்ராப் மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. 20 மில்லிமீட்டர் ஸ்ட்ராப் கையில் இருக்கும்போது வீட்டில் இருப்பது 22 மில்லிமீட்டர் வாட்ச். அது வரும்போது இது போயிருக்கும்.

வீட்டம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பது அவருடைய பலமான நம்பிக்கை. எப்போது பார்த்தாலும் கையில் ஒரு வாட்ச்தானே இருக்கிறது, எண்ணிக்கை கூடவே இல்லையே! அந்த அம்மாள் எல்லாவற்றையும் அறிந்தவர். பரணில் பெட்டி மாறும் நாளெல்லாம் அவருக்குத் தெரியும், சொல்வதில்லை. ஒரே ஒருமுறை சொன்னார். அன்று நான் அங்கே இருந்தேன்.

நம்மவர் எங்களுக்குப் பால் நியூமன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா வாட்ச் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது, 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. “டாலர் சார், டாலர்! இதெல்லாம் செலவுன்னு சொல்றாங்க” என்று சமையலறைப் பக்கம் காது கேட்கும்படி முடித்தார்.

அம்மாள் காபியோடு வந்தார்.

“அந்த வாட்ச் அவருக்கு எப்படி வந்தது?”

“அவர் சம்சாரம் வாங்கிக் கொடுத்தாங்க. பின்னாடி ‘வண்டியைப் பார்த்து ஓட்டு’ன்னு பொறிச்சுக் கொடுத்தாங்களாம். அவருக்கு கார் ரேஸ் பைத்தியம்.”

“எத்தனை நாள் கட்டினார்?”

“பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். அப்புறம் பொண்ணோட சிநேகிதன்கிட்ட மணி கேட்டாராம். அவன்கிட்ட வாட்ச் இல்லைன்னதும் கழட்டிக் கொடுத்துட்டாராம்.”

“பொண்டாட்டி கொடுத்ததை பத்து வருஷம் கட்டினார், அப்புறம் சும்மா கொடுத்தார். அதனாலதாங்க அந்த விலை. ரெண்டு மாசத்துல வித்திருந்தா வாடகைதான் மிஞ்சியிருக்கும்” என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டுப் போனார். வாடகைக் கணக்குவரை தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காபி ஆறும்வரை பேசவில்லை.

நடுவில் ஒரு பருவம் எச்.எம்.டி. பைத்தியம் பிடித்திருந்தது. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், கோஹினூர் என்று நாட்டுக்கே மணி காட்டியது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட முடிவு செய்தது. மூடப்போகிறார்கள் என்றதும், இருந்தவரை வாங்காதவர்களெல்லாம் வாங்கக் கிளம்பினார்கள். நம்மவரும் கிளம்பினார். அப்பாவின் ஜனதாவை இருபது வருஷம் முன்னால் பாத்திரக்காரருக்குப் போட்ட அதே வீட்டுக்கு, ஆறு பைலட் வந்து சேர்ந்தன. ஒன்று கிளிப்பச்சை, ஒன்று ரோஸ், ஒன்று மாம்பழ மஞ்சள். எச்.எம்.டி. தொழிற்சாலை கனவிலும் காணாத நிறங்கள். பழைய டயலைச் சுரண்டிப் புதிதாகச் சாயம் அடித்து, கிடைத்த முள்ளையும் கிடைத்த மூடியையும் சேர்த்து விற்கிற சரக்குக்கு வாட்ச் பிரியர்கள் உலகம் முழுக்க ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவர் அதைக் கேள்விப்படாமல் ஆறாயிரம் கொடுத்துக் கற்றுக்கொண்டார்.

இந்த ஓட்டத்தில் அசையாமல் இருப்பது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட டைட்டன். டாடாவும் நம் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கி, ஓசூரில் செய்கிற சரக்கு. அதை விற்க முடியாது என்பதால் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. பீரோவில் இருக்கிறது. செல் தீரும்போது அம்மாள் மாற்றி வைப்பார். ரயிலுக்குக் கிளம்புகிற நாட்களில் அந்த வீட்டில் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், அவர் உட்பட.

இவருக்கு முன்னோர்களும் உண்டு. எழுபது, எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த மாமாக்கள், கையில் கட்டிவந்த சீக்கோவை ஊரில் யாராவது ‘நல்லாருக்கே’ என்றால் அங்கேயே கழற்றி விலை சொல்வார்கள். சென்னையில் அதற்குப் பர்மா பஜார் இருந்தது. அவர்கள் விற்றது டிக்கெட் காசுக்காக. இவரும் இவருடைய வாட்ச் சிநேகிதர்களும் விற்பது இன்னொன்று வாங்குவதற்காக. மாதம் ஒரு சனிக்கிழமை ஹோட்டலில் கூடுவார்கள். மேஜை மேல் எல்லா வாட்சும் கழற்றி வைக்கப்படும். அவரவர் கை வெறுமையாகி, அடுத்தவர் வாட்ச் ஏறும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு முப்பது வாட்சும் கொஞ்சம் பணமும்தான் வருஷக்கணக்காகச் சுற்றிவருகின்றன. இதில் நிச்சயமாக லாபம் பார்க்கிறவர் கூரியர்காரர் மட்டும்தான்.

போன மாசிக்கு அந்தச் சுற்று முழுசாக ஒரு வட்டம் அடித்தது. நீல டயல் சீக்கோ ஒன்றை 17,500க்கு வாங்கிவந்து, “இதைத்தான் சார் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன்” என்றார். சர்வீஸுக்குக் கொடுக்கப் போனபோது என்னையும் அழைத்துப்போனார். மயிலாப்பூரில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர். பழைய கை. வேலை பார்த்த வாட்சின் மூடிக்குள் ஊசியால் தேதியும் தன் அடையாளமும் கீறி வைப்பது ரிப்பேர்காரர்கள் வழக்கம். பெரியவர் மூடியைத் திறந்தார், கண் லென்ஸைச் சரிசெய்தார், நிமிர்ந்தார்.

“இது என் கையெழுத்து. ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதான் சார் கொண்டுவந்தீங்க.”

மொபைலைத் திறந்து பழைய படங்களைத் தேடினார். இருந்தது. அதே நீலம், ஏழு மணிப் பக்கம் அதே கீறல், பக்கத்தில் எங்கள் அடுக்ககத்துச் செம்பருத்தி. 14,000க்கு விற்றிருக்கிறார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பார்த்தீங்களா சார், ரெண்டே வருஷத்துல 3,500 ஏறியிருக்கு! வாட்ச் ஒரு முதலீடுன்னு நான் சொன்னப்ப யாரும் நம்பலை.”

அந்த நீல சீக்கோ இப்போது மறுபடி விற்பனைக்கு இருக்கிறது. வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயங்காமல் வாங்கலாம். மனிதர் பொய் சொல்லமாட்டார், கீறலை அவரே காட்டுவார், பெட்டி, பில், கண்ணி எல்லாம் பத்திரமாக வரும். ஆனால் அவர் சொன்ன விலைக்கு உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று அன்று ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டார். ஒரு ஐந்நூறாவது பேரம் பேசுங்கள்.