தீபாவளிச் சீட்டில் தொடங்கிய வண்டி

தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்தவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஓர் ஆறுதல் சேதி. 1938-இல் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சியே ஒரு சீட்டு நடத்தியது. வாரம் 5 மார்க் கொடுத்து ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். 990 மார்க் சேர்ந்தால் வீட்டு வாசலில் கார். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றலாம். 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்சில் தொட்டு ஒட்டினார்கள். ஒருவருக்கும் கார் வரவில்லை. சண்டை வந்தது, ஆலை பட்டாளத்துக்கு வண்டி செய்யப் போய்விட்டது. நம் சீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுத்தான் ஓடுவார்கள். இவர் உலகத்தை விட்டே போய்விட்டார்.

குடும்பத்தோடு தூங்கி எழுந்து பயணம் போகிற ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன் இந்தச் சீட்டுக் காரின் வயிற்றில் பிறந்ததுதான். அதன்மேல் பூ வரைந்து, கிதாரைச் சாத்தி, சுதந்திரத்தின் சின்னம் என்று பிற்பாடு உருகினார்கள். எனக்கு அது வாகன உலகத்தின் இட்லி உப்புமா. காலையில் மீந்ததைச் சாயங்காலம் உதிர்த்துத் தாளித்தது. தாளித்தவர்கள் ஒருவர் இருவரல்ல.

முதல் ஆள் ஐவன் ஹர்ஸ்ட், பிரிட்டிஷ் ராணுவ மேஜர். 1945-இல் குண்டு விழுந்து ஓட்டை விழுந்த அந்த ஆலையை அவர் தலையில் கட்டினார்கள். வெடிக்காத குண்டு ஒன்று மின்சார எந்திரங்களுக்கு நடுவே ஜம்மென்று படுத்திருந்ததாம். பிரிட்டன் கார் முதலாளிகள் அந்தக் காரைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் விலைபோகாது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பட்டாளமோ, சாமான் தூக்க இரவல் கொடுத்திருந்த ஃபோர்க்லிஃப்ட்களைத் திருப்பிக் கேட்டது. வேறு வழியில்லாமல் ஹர்ஸ்ட் கார் அடிச்சட்டத்தின் மேல் பலகை அடித்து ஒரு சரக்கு வண்டி செய்தார். முன்னால் மலைபோல் சாமான். பின்னால் எஞ்சின் மேல் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தபடி டிரைவர். சென்னையில் மீன்பாடி வண்டி பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதைப் பார்த்து ஆசைப்பட்டவர் பென் பான் என்ற ஹாலந்து வியாபாரி. எங்கள் ஊரில் விற்கிறேன் என்றார். டிரைவர் முன்னால் உட்காராத வண்டிக்கு அனுமதி கிடையாது என்று ஹாலந்து அதிகாரிகள் கையை விரித்தார்கள். கொஞ்சம் நியாயமான கோரிக்கைதான். 1947 ஏப்ரல் 23-ஆம் தேதி அவர் குறிப்பு நோட்டை எடுத்து, எல்.கே.ஜி. பிள்ளை பஸ் வரைகிற அதே கைத்திறனுடன் ஒரு பெட்டி வரைந்தார். டிரைவர் முன்னே, எஞ்சின் பின்னே, சரக்கு நடுவே. அவ்வளவுதான். அந்தத் தாளை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில், ரெம்பிராண்ட் இருக்கிற அதே இடத்தில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம் வீட்டுச் சுவர்களில் எத்தனை வேன் வரைந்து, எத்தனை அடி வாங்கியிருக்கிறோம்!

1950 மார்ச்சில் வேன் வெளிவந்தது. 25 குதிரை சக்தி. மேடு வந்தால் குதிரைகளில் பாதி லீவு போட்டுவிடும். காய்கறிக்காரர், பால்காரர், பெயின்டர் என்று ஜெர்மனி முழுக்க வாங்கினார்கள். பிறகு 1951 வாக்கில், ஜெர்மனியில் இருந்த அயல்நாட்டு ராணுவ அதிகாரி ஒருவர் வெஸ்ட்ஃபாலியா கம்பெனிக்குப் போய், இதில் படுக்கிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்றார். அது 1844-இல் கொல்லுப்பட்டறையாக ஆரம்பித்த கம்பெனி. பட்டறைக்காரனிடம் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லமாட்டான்.

அதிலிருந்து வந்ததுதான் கேம்பிங் பாக்ஸ். பகலில் உட்காரும் பெஞ்ச், ராத்திரியில் மெத்தை. சின்ன அடுப்பு, முகம் கழுவும் பாத்திரம், ஜன்னலுக்குத் திரை. இதிலெல்லாம் பெரிய விஷயமில்லை. சூட்சுமம், அந்தப் பெட்டியை மொத்தமாகக் கழற்றி வெளியே வைத்துவிடலாம் என்பது. சனி ஞாயிறு குடித்தனம்; திங்கட்கிழமை காலை வீட்டை இறக்கித் திண்ணையில் வைத்துவிட்டு முட்டைக்கோஸ் ஏற்றலாம். அடுத்த சனிக்கிழமை தலையணையில் என்ன வாசனை அடித்திருக்கும் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதவில்லை.

பிரிட்டனில் கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அங்கே வரி அதிகாரி உள்ளே வருகிறார். டெவன் பக்கம் சிட்மத் என்ற கடற்கரை ஊரில் ஜாக் ஒயிட் என்ற கட்டடக்காரர், தன் குடும்பம் ஊர் சுற்ற ஒரு வேனைப் பிரித்து மரவேலை செய்தார். பார்த்தவர்கள் எனக்கும் எனக்கும் என்றார்கள். 1956-இல் அது வியாபாரமாகிவிட்டது. அவ்வளவு கிராக்கிக்கு இயற்கை ரசனை காரணமென்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். அப்போது அங்கே கார் வாங்கினால் 60 சதவிகிதம் கொள்முதல் வரி. சரக்கு வேனுக்கு அந்த வரி இல்லை. சரி, வேனே வாங்கிக் குடும்பத்தை உட்காரவைப்போம் என்று பக்கவாட்டில் ஜன்னல் வெட்டினால், அது கார் என்று வரி வந்து நிற்கும். அதே வேனில் கட்டில், அடுப்பு, தொட்டி எல்லாம் பொருத்திவிட்டால்? அது வீடு. வீட்டுக்கு அந்த வரி கிடையாது! ஆகவே பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்று, பாத்திரமே கழுவாமல் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஃபோக்ஸ்டன் ஊர் மார்ட்டின் வால்ட்டர் கம்பெனி ‘டார்மொபைல்’ என்று பெயர் வைத்து, பெட்ஃபோர்டு வேன்களின் கூரையை அறுத்துப் பக்கவாட்டில் திறக்கிற மாதிரி செய்தது. கோடு போட்ட துணி விரிந்து நிற்க, அதற்குள் பிள்ளைகளுக்குத் தொட்டில் மாதிரி இரண்டு படுக்கை. சில வண்டிகளில் கடைக்குட்டியை ஸ்டியரிங்குக்கு மேலே குறுக்காகக் கட்டிய தூளியில் போட்டார்கள். பாதி ராத்திரியில் கால் பட்டு ஹாரன் அடித்திருந்தால், அடுத்த வண்டிக்காரன் இங்கிலாந்து நாகரிகத்தோடு இருமியிருப்பான். விளம்பரப் படங்களில் அப்பா நாற்காலி போட்டு மலையைப் பார்ப்பார். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்பில் எதையோ கிண்டுவார். வீட்டில் நின்று சமைத்தவர் இங்கே குனிந்து சமைக்கிறார். அதற்குப் பெயர் விடுமுறை.

ஹிப்பிகள் வந்து காட்மாண்டு வரை ஓட்டிப் பெயர் தட்டிக்கொண்டு போனது பிறகுதான். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டாம் கை வண்டி. முட்டைக்கோஸ் வாசனையெல்லாம் போயிருக்கும். வேறு வாசனை வந்திருக்கும்.

அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டினவர்களை மறந்துவிட்டோமே. அவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் கார் எங்கே என்று ஃபோக்ஸ்வேகன்மேல் வழக்குப் போட்டார்கள். வாய்தா வாய்தாவாக இழுத்து, 1961-இல் ஒரு சமரசம் வந்தது. புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு 600 மார்க் வரை தள்ளுபடி. கார் வேண்டாம் என்றால், கையில் 100 மார்க்.